பத்து மணிக் கச்சேரி

ஊர் சுற்றிக் காட்டுகிறவனுக்கு எதையும் பார்க்கிற உரிமை கிடையாது; கையை நீட்டிக் காட்டுகிற உரிமை மட்டும்தான் உண்டு. வாடகைக் கார் ஓட்டியவர்கள், ஓட்டல் வாசலில் மழையில் காத்துக் கிடந்தவர்கள், "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்ற பேச்சை நம்பி இரண்டு மணி நேரம் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்லாமல் விடுவதும் அவர்களுக்கு விளங்கும்.

இலங்கை சுதந்திரம் அடைந்த வருஷம் தொடங்கி பதினான்கு வருஷம் நுவரெலியாவில் ஓர் ஓட்டலின் கார் ஓட்டினேன். வருகிறவர்கள் கையில் ஓட்டலில் ஒரு தாள் கொடுப்பார்கள். காலையில் ஏரியும் படகும். அடுத்தது பூங்கா. மூன்றாவது, 'தேயிலை மலையில் பெண்கள் கொழுந்து பறிக்கும் காட்சி'. மதியம் ஓட்டலில் சூப், பொரித்த கோழி, புட்டிங். பிற்பகலில் ஹக்கலைப் பூந்தோட்டம். சித்திரை சீசன் என்றால் குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும். அந்த மூன்றாம் நம்பர் காட்சிக்கு நான் வண்டியை நிறுத்துகிற இடம் ராகலை ரோட்டில் ஒரு வளைவு. அந்த மலையை ஒட்டிய கூலிக்காரர் லயத்தில்தான் நான் பிறந்தேன். ஓட்டலில் இது யாருக்கும் தெரியாது. மோட்டார் வேலை பழகியது கண்டியில் என்பதால் என்னைக் கண்டி டவுன்காரன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவுமில்லை.

அந்த மலையில் கொழுந்து எடுத்தவர்களில் ஒருத்தி செல்லம்மா. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் பிறந்தவள். அவள் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. வாசலில் நின்று முதல் அழுகையைக் கேட்டவன் நான். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான், ஒரு மகள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அது தோற்றால் அவளும் மகளும் இந்த நாட்டில் யாருமில்லை. மனுவில் ஒரு சிக்கல். பிறப்புப் பதிவில் 'செல்லாயி', தோட்டத்தில் வேலைப் பெயர் பதிகிற செக்ரோலில் 'செல்லம்மா'. இரண்டும் ஒருத்திதான் என்று பிரஜாவுரிமைப் பத்திரம் உள்ள ஒருவர் வந்து சொல்ல வேண்டும். லயத்தில் அவளைப் பிறப்பிலிருந்து தெரிந்த மற்றவர்களும் மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள்தான். பத்திரம் இருந்தது எனக்கு. ஓட்டல் மேனேஜர் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு கடிதத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது.

போன வருஷம் இந்தியாவும் இலங்கையும் எங்கள் ஜனங்களைப் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, லயங்களில் இந்தியாவுக்கு ஏற்றப் போகிற கப்பலைப் பற்றித்தான் பேச்சு. நான் இப்போது ஹட்டனில் டயர் ஒட்டுகிறேன். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு யார் மேலெல்லாமோ கோபம் வருகிறது. அந்தக் கோபத்தின் வரிசையில் என் பெயர் எங்கே வரும் என்று எண்ணிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

பனி எடுக்கிற வேலை

ஒரு சித்திரையில் கொழும்பிலிருந்து புடவைக் கடை முதலாளி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். ஏரியைக் காணோம். பனி இறங்கி, படகுத்துறையில் முதல் நாலு பலகைதான் தெரிந்தது. "எங்கப்பா ஏரி?" என்றார். "முன்னாலதாங்க ஐயா இருக்கு" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஏரி வரவில்லை. கோபம் வந்துவிட்டது. ஏரி மேலே அல்ல, என் மேலே.

நீங்கள் பனிக்காக யாரிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். "மன்னிச்சுக்குங்க ஐயா, பத்து மணிக்கு மேல விலகிடும்" என்று தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னேன். அவர் ஓட்டல் தாளை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"ஏரின்னு இதுல அச்சடிச்சுப் போட்டிருக்கான். போட்டா காட்டணும். பனிய எடுக்கிறது உன் வேலையா, மேனேஜர் வேலையான்னு சாயங்காலம் பேசிக்கிறேன்."

காட்டுவதற்குச் சுட்டது

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? ஓட்டல் மேசையில் ஒவ்வோர் ஆளுக்கும் மூன்று கத்தி, மூன்று முள். எங்களுக்குப் பின்கட்டில், குதிரை லாயத்துக்குப் பக்கத்தில், தகரத் தட்டு. அதில் எனக்கு வருத்தமில்லை. சோறு சூடாக இருக்கும்.

ஒரு தடவை கொழும்பு டாக்டர் ஒருவரின் மனைவி, சூப்பும் கோழியும் அலுத்துப் போய், "இங்கத்த ஜனங்க சாப்பிடுறதைச் சாப்பிட்டுப் பார்க்கணும்" என்றார். ராகலை வளைவில் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான் போய்ச் செல்லம்மாவிடம் கேட்டேன். இரண்டு ரொட்டி வைத்திருந்தாள். தடித்த கோதுமை மா ரொட்டி, மேலே மிளகாய்ச் சம்பல். ஒன்றைக் கொடுத்தாள். அந்த அம்மாள் ஓரத்தில் ஒரு கடி கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மிச்சத்தைத் தின்னவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. லேஸ் வைத்த கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். "கொழும்புல எல்லாருக்கும் காட்டணும். இதைத் தின்னுட்டுத்தான் நாள் முழுக்க மலை ஏறுறாங்கன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

நான் பல்லைக் காட்டினேன். சிரிப்பது என் வேலையில் சேர்த்தி. கார்க் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால், செல்லம்மா மீதி ஒரு ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது திங்கிறதுக்குச் சுட்டதுண்ணே. காட்டுறதுக்குன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் வட்டமாச் சுட்டிருப்பேன்ல?"

முழுப் பேர்

இன்னொரு அம்மாள் கொழும்பில் ஏதோ பத்திரிகைக்கு எழுதுகிறவர். நோட்டும் பென்சிலுமாக வந்தார். கூட வந்த இரண்டு பேரிடம் கேமரா. பிற்பகல் மூன்று மணி, கொழுந்து நிறுக்கிற நேரம் நெருங்குகிறது. செல்லம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். கூடையை ஏற்று, இறக்கு, கொழுந்தைக் கிள்ளுவது போல் வை, கிள்ளாதே, இந்தப் பக்கம் சிரி. அவர்கள் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். முக்கால் மணி நேரம் போயிற்று. மேலே நின்ற கங்காணி தோட்டத்துத் துரைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. ஓட்டல் வண்டியில் வெள்ளைத் தொப்பிக்காரர்கள் வந்தால் மறுக்கக் கூடாது என்று உத்தரவு.

தராசில் அவள் கொழுந்து குறைந்துவிட்டது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வார்கள். சொன்ன றாத்தல் எடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர், பாதிக் கூலி. அவள் வெறுங்கூடையோடு ரோட்டுக்கு இறங்கி வரவும், அந்த அம்மாள் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு வார்த்தைத் தமிழில் அன்பாகக் கேட்டார்: "உனக்கு என்னம்மா பேர்?" செல்லம்மா, "இன்னிக்கு அரைப் பேருங்கம்மா" என்றாள். அம்மாள் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "அரை! எவ்வளவு வித்தியாசமான பேர். சுருக்கிக் கூப்பிடுறதா? முழுப் பேர் என்னன்னு கேளு" என்றார்.

விளக்கியிருக்கலாம். ஓட்டலுக்குத் திரும்பும் வழியெல்லாம் விளக்குவதற்கு எனக்கு நேரமிருந்தது. நான் கேள்வியை மட்டும் அவளிடம் திருப்பினேன்.

"முழுப் பேரு, நீங்கெல்லாம் வராத அன்னிக்குத்தாங்கம்மா விழும்."

பொட்டு

பிறகு ஒருவன் வந்தான், முக்காலி வைத்த பெரிய கேமராவோடு. படக் கார்டு அச்சடித்து ஓட்டல்களில் விற்கிற கம்பனிக்காரன். ஒரு காலையில் இருபது பெண்களை நிறுத்திப் பார்த்துவிட்டுச் செல்லம்மாவைத் தேர்ந்தெடுத்தான். மூக்கு, கண், நிற்கிற நிலை எல்லாம் சரி. ஒன்றே ஒன்று குறை. "நெற்றி காலியா இருக்கே. சிவப்பா ஒரு பொட்டு வைக்கச் சொல்லு" என்றான் என்னிடம்.

அவள் புருஷன் செத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்தச் சொல்லை அவளிடம் நான் எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவள் என்னைத்தான் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. "வேணாம்ண்ணே" என்றாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போனான்.

ஆறு மாதத்தில் ஓட்டல் முன்மேசையில் கார்டு வந்துவிட்டது. வர்ணம் பூசிய படம். பின்னால் பச்சை மலை, முன்னால் செல்லம்மா, நெற்றி நடுவில் மிளகாய்ப் பழம் மாதிரி சிவப்புப் பொட்டு. கீழே 'சிலோன் தேயிலை அழகி' என்று இங்கிலீஷில். பெயர் கிடையாது. ஒன்றை வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையை இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கில் துடைத்துவிட்டு வாங்கினாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களாண்ணே, கடவுளால முடியாதது கம்பனிக்காரனால முடிஞ்சிருச்சு. என் புருஷன எழுப்பிட்டான்."

கச்சேரி

விசாரணைக்கு வரச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது. கச்சேரியில், காலை பத்து மணிக்கு. மூன்று வாரத்துக்கு முன்பே அதை ரோட்டோரத்தில் என்னிடம் காட்டினாள். "ஒரு வார்த்த சொன்னாப் போதும்ண்ணே. செல்லாயியும் செல்லம்மாவும் ஒருத்திதான்னு. வேற ஒன்னும் வேணாம்." வருகிறேன் என்று சொன்னேன். அந்தத் தேதி மலர்க் கண்காட்சி நாளாக அமைந்துவிட்டது. மேனேஜர் லீவு இல்லை என்றார். சரி, வண்டியில் வருகிறவர்களிடம் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். யார் மறுக்கப் போகிறார்கள்?

வந்தவர்கள் மதராஸ்காரர்கள். ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகஸ்தர், அவர் மனைவி, மனைவியின் தங்கை. தங்கமான மனிதர்கள். எனக்கும் சேர்த்து ஃபிளாஸ்கில் காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். போகிற வழியில் அவர் கேட்டார்: "இங்கே நம்ம பக்கத்துக் கூலி ஜனங்கள் நிறைய இருக்காளாமே. நீ அந்த வகையறா இல்லையே?" நான் சொன்னேன்: "இல்லீங்க, நமக்குக் கண்டி டவுனுங்க." முதல் தடவையாக என் வாயாலேயே சொன்னேன். அதுவரை மறுக்காமல் இருந்ததெல்லாம் இந்தப் பொய்க்கு ஒத்திகைபோல் ஆகிவிட்டது.

ஒன்பதரை மணிக்கு வண்டியை மெதுவாக்கி, "ஐயா, பத்து மணிக்கு எனக்குக் கச்சேரி இருக்கு. ரெண்டு மணி நேரம் விட்டீங்கன்னா உங்கள ஏரிக்கரையில இறக்கிட்டுப் போய்ட்டு வந்துர்றேன்" என்றேன். பின் சீட்டில் மூன்று பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

"கச்சேரியா! இந்த மலை மேலேயா?" என்றார் அவர். "வாய்ப்பாட்டா, நாதஸ்வரமா?"

"காலம்பற பத்து மணிக்கு யாராவது கச்சேரி வைப்பாளோ?" என்றார் மனைவி.

"யார் பாடுறா? நாமளும் போலாமே அத்திம்பேர்" என்றாள் தங்கை.

இலங்கையில் கச்சேரி என்றால் அரசாங்க ஆபீஸ். மதராஸில் அது பாட்டு. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வரிசையாக வருகிற கேள்விகள் எனக்குத் தெரிந்தன. ஆபீஸில் உனக்கு என்ன வேலை? யார் அந்தப் பெண்? உனக்கு என்ன வேணும்? அப்போ நீயும்...? காப்பி டம்ளர் இன்னும் என் காலடியில் சூடாக இருந்தது. "ஏதோ உள்ளூர்ப் பாட்டுத்தாங்க ஐயா" என்றேன்.

அவர் என் தோளில் தட்டினார். கெட்ட மனிதர் இல்லை. என் மேல் வைத்த பிரியத்தில்தான் சொன்னார்.

"கச்சேரியை எப்ப வேணும்னாலும் கேட்டுக்கலாம்ப்பா. பூ வாடிடும்."

மூன்று பெண்கள்

பத்து மணிக்கு நான் கண்காட்சிக் கொட்டகை வாசலில் நின்றேன். முதல் பரிசு வாங்கிய ரோஜாவுக்குப் பக்கத்தில் அதன் பெயர், அது எந்தத் தோட்டத்தில் பூத்தது, வளர்த்தவர் யார், எல்லாம் ஓர் அட்டையில் சுத்தமாக எழுதி வைத்திருந்தார்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இரண்டு வாரம் அந்த வளைவில் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினேன். மூன்றாவது வாரம் வேறு வழியில்லை. வந்தவர்கள் கேமராவோடு இறங்கிவிட்டார்கள். அவள் கோபமாக இருப்பாள், ஏசுவாள் என்று பயந்தேன். அவள் நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பன்னிரண்டு மணி வரை என் சாட்சிக்காகத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். கடைசியில் கூப்பிட்டபோது, சாட்சி எங்கே என்று கேட்டார்கள். வேறு எதுவும் தோன்றாமல், மடியில் வைத்திருந்த படக் கார்டை எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள். "சிலோன்னு இதுல போட்டிருக்குதுங்களே, இது நான்தாங்களே" என்று.

அதிகாரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னாராம். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் நம் ஆள்தான். அவர் சிரித்தாராம். "வண்டி பழுதாப் போச்சு செல்லம்மா" என்று நான் சொன்னேன். "மலையில ஓடுற வண்டிதானேண்ணே" என்றாள். அவள் நம்பினாளா, என் மானத்தைக் காப்பாற்றினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் சொன்னதை மட்டும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"செல்லாயி பொறந்திருக்கா, செல்லம்மா வேல செஞ்சிருக்கா, படத்துல ஒரு சுமங்கலி நிக்கிறா. மூணு பேர்ல எவளுக்கும்மா நீ பிரஜாவுரிமை கேக்குற?"

முதுகு

தள்ளுபடி என்று தபாலில் வந்தது. அப்பீலுக்கு மூன்று மாதம் தவணை என்று அந்தக் கடிதத்திலேயே இருந்ததை வாசித்துச் சொல்ல ஆள் கிடைத்தபோது நாலாவது மாதம். அந்த மூன்று மாதத்தில் நான் எத்தனை தடவை அந்த ரோட்டில் போனேன் என்று கேட்காதீர்கள். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். அவள் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை.

அடுத்த சீசனில் கொழும்பிலிருந்து இளஞ்சோடி ஒன்றை அழைத்துப் போனேன். புதுக் கல்யாணம். கையில் அந்தப் படக் கார்டு. "இந்தப் பொம்பளைதான் வேணும். இவளோட நாங்க நிக்கிற மாதிரி ஒரு படம்" என்றான் மாப்பிள்ளை. கார்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக ஒப்பிட்டுப் பார்த்து, "இவளா? பொட்டு இல்லையே" என்று சந்தேகப்பட்டான். "இவங்கதான்" என்றேன். கச்சேரியில் சொல்லாத வார்த்தையை அன்றைக்கு, ஒரு கேமராக்காரனிடம், கேட்ட மாத்திரத்தில் சொன்னேன்.

செல்லம்மா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். கூடை வைத்த முதுகு மட்டும் தெரிந்தது. கை நிற்கவில்லை, கொழுந்து கூடைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. மணப்பெண் வெயிலில் நின்று களைத்துப் போனாள். மாப்பிள்ளை என்னிடம், "திரும்பச் சொல்லுய்யா, நீ எதுக்கு இருக்கே?" என்று கத்தினான். நான் பாத்தி ஓரமாக மேலே ஏறிப் போய், கீழே நிற்கிறவர்களுக்குக் கேட்காத குரலில், "ஒரு தடவ திரும்பு தாயி, போய்ருவாங்க" என்றேன். அவள் திரும்பவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"நான் இந்த நாட்டுல இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே. இல்லாதவளப் புடிச்சா படத்துல விழுமா? போய்ச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே."

பதினான்கு வருஷம் வந்தவர்களுக்கெல்லாம் இந்த மலைநாட்டில் உள்ளதையும் இல்லாததையும் கையை நீட்டிக் காட்டிய நான், காட்டச் சொல்லி ஒரே ஒருத்தி கேட்ட அன்று, கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ரோஜாப் பூ பார்த்துக்கொண்டிருந்தேன்.